லைட்நாமெ: குலப்பெயரா, வழிவழிப்பெயரா?

நண்பர்களுக்கு வணக்கம். லைட்நாமெ (Leitname) என்பது ஒரு குடும்பத்தில் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப ஆட்களுக்கு இடப்படும் பெயரைக் குறிக்கும் ஜெர்மன் சொல். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> லைட்நாமெ என்பதற்குக் 'குலப்பெயர்' போதுமே ஐயா. புதுச்சொல் எதற்கு?

போதாது. சேரிங்கன் என்ற இடைக்காலப் பிரபுக் குடியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு ஜெர்மனியில், ஃபிரைபுர்க் நகரை ஒட்டிய குன்றில் இருந்த கோட்டையின் பெயர் அது. அதை இவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டதே 1100ஐ ஒட்டித்தான். அதற்கு முன் குலப்பெயர் என்று ஒன்று கிடையாது. பெர்டோல்ட் மட்டும் இருந்தது. 999இல் பேரரசர் மூன்றாம் ஒட்டோ வில்லிங்கனில் சந்தை கூட்டவும் நாணயம் அடிக்கவும் சுங்கம் வாங்கவும் உரிமை கொடுத்தது பெர்டோல்ட் என்ற பிரபுவுக்கு. 1061இல் கரிந்தியாவின் (இன்றைய தெற்கு ஆஸ்திரியப் பகுதி) டியூக் ஆனவரும் பெர்டோல்ட், முதலாம் பெர்டோல்ட். அவர் தொடங்கி 1218இல் பிள்ளையில்லாமல் இறந்த ஐந்தாம் பெர்டோல்ட் வரை குடித்தலைவர்கள் ஆறு பேர். நடுவில் வந்த கொன்ராட் ஒருவர்தான் விதிவிலக்கு. ஆக, குலப்பெயர் என்ற சொல்லைக் கோட்டைப் பெயருக்கே விட்டுவிடுவோம். நாம் தேடுவது ஆளுக்கு இடும் பெயர், ஆனால் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கும் பெயர்.

> பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. 'பெயரன் பெயர்' எனலாமா?

முதலில் எனக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் நம் வழக்கம் ஒரு தலைமுறை தாண்டிப் போவது. இங்கே அப்பன் பெயரே மகனுக்கு! முதலாம் பெர்டோல்டின் இன்னொரு மகன் ஹெர்மான் பிரான்சின் க்ளூனி மடத்தில் துறவியாகி 1074இல் இறந்தார். பாடன் குடி அவர் வழியில் வந்தது. அதில் அவர் தொடங்கி 1250 வரை அப்பன், மகன், பேரன் என்று வரிசையாக ஆறு ஹெர்மான்கள். கிளை பிரிந்ததும் பெயரும் பிரிந்துவிட்டது பாருங்கள்.

'தந்தைவழிப்பெயர்' என்ற பரிந்துரையும் நிற்காது. ஆறாம் ஹெர்மான் மணந்தது ஆஸ்திரியாவின் கெர்ட்ரூடை. அவர்கள் மகன் ஏழாம் ஹெர்மான் ஆகவில்லை, ஃபிரீட்ரிஷ் ஆனான். ஆஸ்திரியாவை ஆண்ட பாபன்பெர்க் குடியில், 1246இல் போரில் இறந்த கடைசி டியூக்கின் பெயர் அது. கெர்ட்ரூடுக்கு அவர் சிற்றப்பன். உரிமை கோர வேண்டிய மண் தாய்ப்பக்கம் இருந்தது. (பையன் 1268இல் நேப்பிள்ஸில், ஹோஹென்ஸ்டௌஃபன் பேரரசக் குடியின் கடைசி வாரிசான கொன்ராடினோடு தலை வெட்டப்பட்டான் என்பது வேறு கதை.)

'வழிகாட்டுப்பெயர்' என்ற பரிந்துரை நெடுஞ்சாலைப் பலகையை நினைவூட்டுகிறது, மன்னிக்கவும்.

என் பரிந்துரை: வழிவழிப்பெயர். வழிவழியாக வருவது என்று யாருக்கும் புரியும். எந்தப் பக்கத்து வழி என்று சொல் கட்டாயப்படுத்தாது.

விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வழிவழிப்பெயர் தடயம், சான்று அல்ல. சேரிங்கன்களைப் பழைய அலஹோல்ஃபிங் குடியோடு இணைக்கும் ஆய்வாளர்கள், அங்கும் பெர்டோல்ட்கள் மலிந்திருப்பதையும், தென்மேற்கு ஜெர்மனியின் பார் (Baar) என்ற வட்டாரத்துக்கே ஒருகாலத்தில் பெர்டோல்ட்ஸ்பார் என்று பெயர் இருந்ததையும் வைத்துத்தான் இணைக்கிறார்கள். கொடிவழிப் படத்தில் அந்த இடத்துக்குப் புள்ளிக்கோடு போடுங்கள், முழுக்கோடு வேண்டாம்.

தமிழில் ஹெர்மான் என்று எழுதுவதா எர்மான் என்று எழுதுவதா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.