மீடியாவிக்கி 1.27இலிருந்து 1.43: பக்கத்தின் உரை சரி, தலைப்பு மட்டும் குப்பை

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு தன்னார்வக் குழு வைத்திருக்கும் வெள்ளக்கால விக்கி. எந்த ஏரி உடைந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வரும், எந்தப் பள்ளியில் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம், டீசல் பம்ப் எங்கே கிடைக்கும் என்று சுமார் 1,400 பக்கம், 620 படம். தலைப்புகள், படப் பெயர்கள் எல்லாம் தமிழ். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் புதிய சர்வரில் ஓடியாக வேண்டும்.

பழையது: மீடியாவிக்கி (விக்கியை ஓட்டும் மென்பொருள்) 1.27, பிஎச்பி 5.6, மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) 5.5. புதியது: உபுண்டு 22.04, பிஎச்பி 8.1, மைஎஸ்க்யூஎல் 8.0.

செய்தது: மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக (டம்ப்) எடுத்தேன். அட்டவணைகளின் எழுத்துத் தொகுதி லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று இருந்தது. தமிழுக்கு யூனிகோட் தொகுதியான யுடிஎஃப்8எம்பி4தான் சரி என்று டம்ப் கோப்பில் லத்தீன்1 வரும் இடமெல்லாம் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி ஏற்றினேன். 1.43 நேராக ஏற மறுத்து, முதலில் 1.35க்குப் போகச் சொன்னது. டாக்கரில் 1.35, பிஎச்பி 7.4 வைத்து, தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும் அப்டேட் நிரலை ஓட்டினேன். பிழை எதுவும் வரவில்லை.

இப்போது நிலைமை: எல்லாப் பக்கங்கள் பட்டியலில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வருகிறது. அதில் ஒன்றைச் சொடுக்கினால் உள்ளே உரை சுத்தமான தமிழ். ஆனால் கொள்ளிடம், தானே புயல் 2011 என்று தேடிப் போனால் 'பக்கம் இல்லை'. இணைப்புகள் எல்லாம் சிவப்பு. சில படங்களும் வரவில்லை. பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே பிசகியது?

உப்பளம் (புதுச்சேரி):

உரை சரியாக இருந்து தலைப்பு மட்டும் கெட்டிருக்கிறது என்பதே போதும், இடம் தெரிந்துவிட்டது. பக்கத்தின் உரை இருக்கும் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) மீடியம்பிளாப் வகை. அதற்கு எழுத்துத் தொகுதி என்று எதுவும் கிடையாது, பைட் எப்படிப் போனதோ அப்படியே வரும். தலைப்பு இருப்பது வார்ச்சார் (எழுத்துகளுக்கான வகை) பத்தியில். பழைய நிறுவலில் அதன் மேல் லத்தீன்1 என்று சீட்டு ஒட்டியிருக்கிறது, உள்ளே இருப்பதோ யுடிஎஃப்-8 பைட்டுகள். சீட்டுதான் பொய், சரக்கு சரி. இரண்டு பக்கமும் அந்தச் சீட்டைப் பார்க்காமலே எழுதிப் படித்ததால் இத்தனை வருடம் பிரச்சினை வரவில்லை.

நீங்கள் எடுத்த டம்ப் அந்தச் சீட்டை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொண்டு யுடிஎஃப்-8க்கு மாற்றி எழுதியது. லத்தீன்1 அட்டவணைக்கே திரும்ப ஏற்றியிருந்தால் அது தானாகப் பழைய பைட்டுக்குத் திரும்பியிருக்கும். நீங்கள் அட்டவணையையும் மாற்றியதால் இரட்டைக் குறியாக்கம் நிலைத்துவிட்டது.

உறுதி செய்ய ஒரே ஒரு தலைப்பு போதும். 'கொள்ளிடம்' யூனிகோடில் 9 குறிகள்: க, ொ, ள, ், ள, ி, ட, ம, ். குறிக்கு 3 பைட், ஆக 27. பேஜ் அட்டவணையில் அந்தப் பக்கத்தின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு தலைப்புப் பத்திக்கு லெங்த் (பைட் நீளம்), ஹெக்ஸ் (பைட்டுகள் பதினறும எண்ணில்) இரண்டையும் கேளுங்கள். 27 வந்து ஹெக்ஸ் 'ஈ0' என்று தொடங்கினால் சரக்கு நல்லது. 55 வந்து 'சீ3ஏ0' என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம்.

பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போது கெட்ட தளத்தைச் சரி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் அப்டேட் வேறு ஓடிவிட்டது. புதிய சர்வரில் ஏற்றிய அந்தக் கெட்ட தரவுத்தளத்தை நீக்கிவிட்டு, பழைய சர்வரிலிருந்து மறுபடி டம்ப் எடுங்கள்:

1. பழைய விக்கியின் லோக்கல்செட்டிங்ஸில் (அமைப்புக் கோப்பு) ரீட்ஒன்லி வரியைப் போட்டுத் திருத்தத்தை நிறுத்துங்கள்.

2. டம்ப் எடுக்கும்போது மூன்று விருப்பங்கள்: டீஃபால்ட்-கேரக்டர்-செட் லத்தீன்1, ஸ்கிப்-செட்-சார்செட், ஹெக்ஸ்-பிளாப். முதல் இரண்டும் பைட்டை மாற்றாமல் வெளியே விடும். மூன்றாவது பக்க உரையை ஹெக்ஸ் எண்களாக எழுதும். அடுத்த படியில் எஸ்இடி (கோப்பில் சொற்களை மாற்றும் கருவி) ஓட்டும்போது பக்க உரைக்குள் யாராவது 'லத்தீன்1' என்று எழுதியிருந்தாலும் அதில் கை படாது.

3. எஸ்இடி இரண்டு தடவை. முதலில் பத்தி அளவில் வரும் 'கேரக்டர் செட் லத்தீன்1 கொலேட் லத்தீன்1_பின்' என்ற தொடரை முழுதாக நீக்குங்கள். அதன் பிறகு அட்டவணை முடிவில் வரும் 'டீஃபால்ட் சார்செட்=லத்தீன்1' என்பதை 'டீஃபால்ட் சார்செட்=பைனரி' ஆக்குங்கள். 'லத்தீன்1' வரும் இடமெல்லாம் ஒரேயடியாக 'பைனரி' என்று மாற்றினால் 'பைனரி_பின்' என்று இல்லாத ஒரு கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் முறை) உருவாகி ஏற்றும்போது நின்றுவிடும்.

4. புதிய தரவுத்தளத்தையும் பைனரி எழுத்துத் தொகுதியோடு உருவாக்கி, ஏற்றும்போதும் டீஃபால்ட்-கேரக்டர்-செட் பைனரி கொடுங்கள்.

5. லோக்கல்செட்டிங்ஸில் டிபிடேபிள்ஆப்ஷன்ஸ் வரி 'எஞ்சின் இன்னோடிபி, டீஃபால்ட் சார்செட் பைனரி' என்று இருக்க வேண்டும். அப்டேட் உருவாக்கும் ஆக்டர், கமெண்ட், ஸ்லாட்ஸ், கண்டெண்ட் அட்டவணைகள் இதைப் பார்த்துத்தான் பிறக்கின்றன.

அப்டேட் ஓட்டும் முன் மறுபடி அந்த 27ஐப் பாருங்கள். 27 வராமல் மேலே போகாதீர்கள்.

வெள்ளிக்கடற்கரை (கடலூர்):

உப்பளம் சொன்னதில் ஒரு இடத்தில் கவனம். தேடலுக்கான சர்ச்இண்டெக்ஸ் அட்டவணையை பைனரி ஆக்கக் கூடாது. பைனரி பத்தியில் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் நிற்காது, ஏற்றும்போதே பிழை வரும். பெரும்பாலும் அது யுடிஎஃப்8 என்றுதான் இருக்கும், அப்படியானால் எஸ்இடி அதைத் தொடாது. அதுவும் லத்தீன்1 என்று இருந்தால் அதற்கு மட்டும் யுடிஎஃப்8 போடுங்கள். உள்ளே இருப்பது போனாலும் கவலை இல்லை, கடைசியில் ரீபில்ட்டெக்ஸ்ட்இண்டெக்ஸ் ஓட்டினால் பக்கங்களிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளும்.

பழைய சர்வர் இல்லாதவர்கள் இதைப் படித்தால்: கெட்ட பத்தியை ஆல்டர் கட்டளையால் முதலில் லத்தீன்1 ஆக்கி, பிறகு வார்பைனரி (வெறும் பைட் வகை) ஆக்க வேண்டும். இதை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்யுங்கள். கோப்பை வெளியே எடுத்து ஐகான்வ் (குறிமுறை மாற்றும் கருவி) கொண்டு விண்டோஸ்-1252க்கு மாற்றப் பார்த்தால் தமிழில் அடி விழும். அந்தக் குறிமுறையில் 5 இடங்கள் காலி. அதில் 81, 8டி, 8எஃப், 90 ஆகிய நான்கும் முறையே உகரக் குறி, புள்ளி, ஏ, ஐ இவற்றின் கடைசி பைட். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்த் தலைப்பு எத்தனை இருக்கும்? மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்தக் காலி இடங்களையும் இழக்காமல் கொண்டுபோய்த் திருப்பித் தரும்.

கெடிலக்கரை:

சார், 55தான் வந்தது. இருவரும் சொன்னபடி முதலிலிருந்து செய்தேன், இப்போது 27. தலைப்புகள் எல்லாம் தமிழில் நிற்கின்றன, சிவப்பு இணைப்புகள் போய்விட்டன. ஆனால் 1.35 அப்டேட் ஒரு பழைய பயனர் பெயரைக் காட்டி, அநாமதேய ஆக்டர் (திருத்தியவர் பதிவு) உருவாக்க முடியாது என்று நிற்கிறது. படங்களும் இன்னும் வரவில்லை. கவனித்துப் பார்த்தால் பெயரில் கொ, கோ, போ, மோ மாதிரி எழுத்து உள்ளவை மட்டும்தான் காணோம். 'கெடிலம் பாலம்' வருகிறது, 'கொள்ளிடம் கரை' வரவில்லை. இமேஜஸ் அடைவை ஆப்பிள் கணினியில் ஒரு வெளி வட்டில் இறக்கி அங்கிருந்து ஏற்றினேன்.

உப்பளம்:

ஆக்டர் பிழை: வேறு விக்கியிலிருந்து இறக்குமதி செய்த பக்கங்களில் பயனர் பெயர் இருக்கும், பயனர் எண் 0 என்று இருக்கும். கிளீனப்யூசர்ஸ்வித்நோஐடி என்ற பராமரிப்பு நிரலை ப்ரிஃபிக்ஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். 'இறக்குமதி' என்று முன்னொட்டு கொடுத்தால் அந்தப் பெயர்கள் அதோடு சேர்ந்து நிற்கும். பிறகு அப்டேட்டைத் திரும்ப ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

1.35 முடிந்ததும் பேஜ், ரிவிஷன் இரண்டிலும் வரிசை எண்ணிக்கையைப் பழைய சர்வரோடு ஒப்பிட்டு, ஒரு டம்ப் எடுத்து வைத்துவிட்டு பிஎச்பி 8.1, 1.43க்குப் போகலாம். 1.40 முதல் நிரல்களை 'ரன்' வழியாகத்தான் அழைக்கிறார்கள்: மெயிண்டனன்ஸ் அடைவில் ரன்.பிஎச்பி, பக்கத்தில் அப்டேட்.

வெள்ளிக்கடற்கரை:

படங்களுக்குக் காரணம் அந்த வெளி வட்டு. எச்எஃப்எஸ்+ என்ற ஆப்பிள் வட்டு வடிவத்தில் இருந்தால் கோப்புப் பெயரில் உள்ள 'ொ'வை அது 'ெ', 'ா' என்று இரண்டாக உடைத்து எழுதும். 'ோ'வும் அப்படியே. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 'கொள்ளிடம்' என்ற 27 பைட் பெயர் 30 பைட் ஆகிவிடும். தரவுத்தளத்தில் ஒன்றாகச் சேர்ந்த 'ொ'. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு.

சுலபமான வழி, பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு நேராக ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி). தம்ப் உள் அடைவு வேண்டாம், அது தானாக உருவாகும். அது முடியாவிட்டால் கன்வ்எம்வி (கோப்புப் பெயரின் குறிமுறையை மாற்றும் கருவி): மூலமும் இலக்கும் யுடிஎஃப்8, கூடவே என்எஃப்சி (உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) விருப்பம். நோடெஸ்ட் சேர்க்காத வரை எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். முதலில் அப்படி ஓட்டி 10 பெயராவது பாருங்கள். பிறகு செக்இமேஜஸ் நிரல் காணாமல் போன கோப்புகளைச் சொல்லும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

1.43இல் வார்ப்புருக்கள் இரட்டை அடைப்போடு 'இஃப்' என்று பச்சையாகத் தெரிந்தால் பார்சர்ஃபங்ஷன்ஸ் நீட்சி ஏறவில்லை என்று பொருள். பொதியோடேயே வருகிறது, பழைய ரிக்வயர்_ஒன்ஸ் வரியை எடுத்துவிட்டு டபிள்யூஎஃப்லோட்எக்ஸ்டென்ஷன் வரி போடுங்கள். கட்டங்கள் கோணலாக வந்தால் பழைய வார்ப்புருவில் மூடாத டிவ் இருக்கும். முன்பு டைடி என்ற கருவி மூடிக்கொடுத்தது, இப்போது நாம்தான் மூட வேண்டும்.

இன்னொன்று, 'கௌ' வரும் ஊர், ஆள் பெயர்களைத் தேடிப் பாருங்கள். சிலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார்கள். அதை என்எஃப்சி சேர்க்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே ளகர எழுத்து. அப்படிப்பட்ட தலைப்புகளுக்கு நீங்கள்தான் சரியான எழுத்தில் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட வேண்டும். வெள்ள நேரத்தில் செல்போனில் தேடுகிறவர் சரியாகத்தான் அடிப்பார், பக்கம் இருந்தும் கிடைக்காது.

கெடிலக்கரை:

ஆர்சிங்க் முடிந்தது, செக்இமேஜஸில் விடுபட்டது ஒன்றும் இல்லை. ஆக்டர் பிழையும் போய் 1.35 முழுதாக ஏறிவிட்டது, எண்ணிக்கை பொருந்துகிறது. இன்று இரவு 1.43. 'கௌ' தலைப்புகள் 6 கண்டுபிடித்தேன், அதில் 4இல் ளகரம்தான் இருக்கிறது. வழிமாற்று போட்டுக்கொண்டிருக்கிறேன். மூவருக்கும் மிக்க நன்றி.