பழைய எம்எக்ஸ்-5: டிராக்கில் பிரேக் பெடல் பஞ்சாகிறது, பெரிய காலிப்பர் போடலாமா?

சிவப்பு ரோட்ஸ்டர்:
வணக்கம். லண்டனில் இருக்கிறேன். வண்டி 1992 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின், கம்பெனி 14 இஞ்ச் வீல். ரோட்டில் ஒரு குறையும் இல்லை. பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் விட்டால் நாலைந்து சுற்றுக்குள் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. ட்ரூயிட்ஸ் வளைவுக்கு முன்னால் மிதித்தால் பாதி தூரம் வெறுமனே இறங்குகிறது, இரண்டு தடவை பம்ப் பண்ணினால்தான் பிடிக்கிறது. நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்னால் மட்டும் போட்டால் போதுமா?

கராஜ் மாமா:
அந்த கிட் 14 இஞ்ச் வீலுக்குள் அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் 15 இஞ்ச் வீல், புது டயர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். வீல் கம்பிகளுக்கு நடுவே சிவப்புக் காலிப்பர் பளபளப்பது அழகுதான், மறுக்கவில்லை.

டாட்_நாலு:
தம்பி, பம்ப் பண்ணினால் பிடிக்கிறது என்றால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை) சூடேறித் தோற்றால் பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டிதான் நிற்காது. உங்களுக்கு நடப்பது அது இல்லை. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரம் இழுத்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் வரம்பு. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

இன்னொன்று. வேகமாகப் போகும்போது அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா? பூட்டினால் பிரேக்குக்குப் பலம் குறைவில்லை, மிச்சம் டயர் கையில். பெரிய டிஸ்க் கூடுதலாகத் தருவது சூட்டைத் தாங்கும் திறன். முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் பிடிப்பு முன்பக்கமே சாய்ந்து, பின் பிரேக் சும்மா கூட வரும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடும்.

பணம் கட்டுவதற்கு முன் நாலு சக்கரத்தையும் கழற்றி, டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் பாருங்கள்.

சிவப்பு ரோட்ஸ்டர்:
சக்கரம் பூட்டுகிறது. ஆயில் வண்டி வாங்கியதிலிருந்து அப்படியே இருக்கிறது, டீ நிறம். முன் டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கின்றன. பின்னால் இடது பக்கம்தான் விசித்திரம்: டிஸ்க்கின் உள்முகம் பளபளப்பு, வெளிமுகத்தில் வட்டமாகத் துரு. உள் பேட் தேய்ந்து தகடு தெரிகிறது, வெளி பேட் புதுசு போல இருக்கிறது.

டாட்_நாலு:
அங்கேதான் கோளாறு. அந்தக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். வெளி பேட் டிஸ்க்கைத் தொட வேண்டுமென்றால் காலிப்பர் முழுவதும் ஸ்லைடர் என்ற வழுக்குக் கம்பி மேல் நகர வேண்டும். உங்களுடையது இறுகிவிட்டது. பின்பக்கம் பாதி வேலைகூடச் செய்யாததால் முன்னால் சூடு ஏறுகிறது.

ஸ்லைடரைக் கழற்றித் துரு எடுத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பேட் மாற்றும்போது பின் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அமுக்காதீர்கள். காலிப்பருக்குப் பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கும், அதை எடுத்தால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவிக்கு இடம் தெரியும். அதைத் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும். புது பேட் போட்டதும் டிஸ்க்கைக் கவ்வும்வரை திருப்பி, அப்புறம் மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். இதை விட்டால் ஹேண்ட்பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

முடித்ததும் புது டாட் 5.1 ஊற்றி ஏர் எடுங்கள், மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் தள்ளும் பிரதான சிலிண்டர்) தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து. டாட் 5 வேறு, அது சிலிக்கான், கை வைக்காதீர்கள்.

கராஜ் மாமா:
இதெல்லாம் செய்த பிறகும் ஆசை போகவில்லையென்றால் அடுத்து வந்த 1.8 வண்டியின் டிஸ்க், பிராக்கெட் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்), பேட் தேடுங்கள். டிஸ்க்கின் விட்டம் முன்னால் 235 மில்லிமீட்டர் 255 ஆகும், பின்னால் 231 மில்லிமீட்டர் 251 ஆகும். நாலிலும் சேர்த்து மாற்றினால் பிடிப்பின் பங்கீடு கெடாது. உங்கள் காலிப்பரே உட்காரும், 14 இஞ்ச் வீலும் போதும்.

சிவப்பு ரோட்ஸ்டர்:
கிட்டை ஆர்டர் பண்ணவில்லை. ஸ்லைடர் சுத்தியலுக்குத்தான் மசிந்தது. பின் பேட் நாலும் புதுசு, ஆயிலும் மாற்றியாச்சு. 1.8 பிராக்கெட் பழைய வண்டியிலிருந்து எடுப்பதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கராஜ் மாமா:
ஸ்லைடர் நுழையும் துளையைப் பாருங்கள். உள்ளே துரு குழி விழுந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாற்றிய பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள்.