இத்தனை பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கிறாங்க, வேலைக்கு மட்டும் ஆள் கிடைக்கலையே?

கோவை_கோடர்:
சரவணம்பட்டியில சின்ன மென்பொருள் கம்பெனி எங்களது. கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் ஆப் செய்யறோம். ரெண்டு ஃப்ரெஷர் வேணும்னு போட்டா ரெஸ்யூம் குவியுது. சி.எஸ்.இ., ஐ.டி., இப்ப ஏ.ஐ. டேட்டா சயின்ஸ். பத்துக்கு எட்டு சி.ஜி.பி.ஏ. மதிப்பெண்ணுக்குக் கீழ ஒருத்தரும் இல்லைங்க.

நேத்து வந்த தம்பியோட ப்ராஜெக்ட், முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடறது. "ஒரே ஆள் ரெண்டு தடவை கேமரா முன்னாடி வந்தா?"ன்னேன். "அது டீம்மேட் பண்ண மாட்யூல் சார்." சரி, பெயர்ப் பட்டியல்ல ரெண்டு தடவை வர்ற பெயரை எடுங்க, எந்த மொழியிலயும் எழுதலாம்னேன். ப்ரோகிராம் தொடக்கத்துல எல்லாரும் போடற 'இன்க்ளூட்' வரியை அழகா எழுதிட்டு அதோட நின்னுட்டாரு. எங்கதாங்க தப்பு?

லேப்_மேடம்:
தனியார் கல்லூரியில பாடம் எடுக்கறேன். செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ப்ரோகிராம். அதையே ரெக்கார்டு நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணும். ப்ராக்டிகல்ல சீட்டு எடுத்தா அதுல ஒண்ணுதான் வரும், மனப்பாடமே போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டா? காசு கொடுத்தா ப்ராஜெக்ட் சென்டர்லயே கோடு, ரிப்போர்ட் ரெண்டும் ரெடி. 2024-25ல இருந்து நல்லா நடக்கற கல்லூரிகளுக்கு சீட் உச்சவரம்பையும், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தர்ற ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துடுச்சு. சீட் கூடும், சொல்லிக்கொடுக்க யாரு? கோடு எழுதத் தெரிஞ்சவங்க எங்க சம்பளத்துக்கு வருவாங்களா?

பெஞ்ச்_வாசி:
கோடர் பாஸ், முதல்ல நீங்க தர்ற சம்பளத்தைச் சொல்லுங்க. நான் 2011ல வருஷம் மூணேகால் லட்சத்துக்குச் சேர்ந்தேன். இன்னிக்கு என் தங்கச்சி பையனுக்கு வந்த ஆஃபர் மூணரை. பி.ஜி. வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும்? கெட்டிக்காரப் பசங்க உங்க விளம்பரத்தையே பார்க்க மாட்டாங்க.

தென்காசி_காத்து:
இது பழைய பாட்டுதான். பன்னாட்டு கம்பெனி வேலைக்கு நம்ம எஞ்சினியர்ல நாலுல ஒருத்தர்தான் தேறுவார்னு 2005லயே ஐ.டி. கம்பெனிகள் சங்கமான நாஸ்காமும் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் போட்ட அறிக்கை சொல்லிடுச்சு. ஸோஹோ மென்பொருள் கம்பெனி பிளஸ் டூ, டிப்ளமோ பசங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே சொல்லித் தருது. டிகிரியைப் பார்த்து வடிகட்டறதை விடுங்க அண்ணாச்சி.

கோவை_கோடர்:
சம்பளம் மாசம் இருபதாயிரம், ஆறு மாசம் கழிச்சு ஏத்துவோம். கம்மிதான், ஒத்துக்கறேன். டீமே ஏழு பேர், ஸோஹோ மாதிரி வருஷக்கணக்கா உட்கார வெச்சுச் சொல்லித் தர எங்களுக்குக் கட்டாதுங்க. இனி ரெஸ்யூமே பார்க்கப் போறதில்லை. எங்க பழைய பில்லிங் கோடுல ஜி.எஸ்.டி. ரவுண்டிங் தப்பா வர்ற ஒரு பக்கம் இருக்கு. ஒரு மணி நேரம், கூகுள் பார்த்துக்கலாம், தப்பு எந்த வரியிலன்னு சொல்லணும். பி.சி.ஏ., டிப்ளமோ யாரா இருந்தாலும் வரலாம். லேப்_மேடம், உங்க பசங்கள்ல ரெக்கார்டு நோட்டு ஒழுங்கா எழுதாம திட்டு வாங்கறவன் எவனாவது இருந்தா அனுப்பி வைங்க.