டிக்கட்டில் ஆறரை மணித்தியாலம்

கல்லடியான்:
கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பகல் ஒரு மணிக்குப் புறப்பாடு, லண்டனில் இரவு ஏழரைக்கு இறக்கம் என்று டிக்கட்டில் இருந்தது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதை யோசிக்காமல், "ஆறரை மணித்தியாலம்தான் அம்மா, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸைவிடக் குறைவு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோடை காலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. ஆகவே பறந்தது பதினொரு மணித்தியாலம். அம்மாவோ நான் சொன்ன நேரத்துக்குச் செருப்பை மாட்டி, பட்டியை இறுக்கி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மிச்ச நாலரை மணித்தியாலமும் அப்படியே இருந்திருக்கிறார். "நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன் மகன், பிளேன்தான் இறங்கவில்லை" என்று தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

அக்கரைப்பற்று வாசி:
எனக்கு நேர்ந்தது மறுபக்கம். போகும்போது பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த அதே தூரத்தை, வரும்போது பத்துச் சொச்சத்தில் பறந்து முடித்துவிட்டார்கள். வாப்பா வந்த வேன் அப்போது குருநாகலையும் தாண்டவில்லை. இரண்டு பெட்டிகளோடு வாசலில் நின்றேன். பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று வாப்பா இன்றும் வாதிடுகிறார்.

திருக்கோவில் ஆசிரியர்:
உங்கள் வாப்பா மன்னிக்க வேண்டும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அவர் சொல்வது சரியென்றால் லண்டன் எதிரே வந்து, போகும் பயணம் அல்லவா சுருங்க வேண்டும்? காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தக் கணக்கு எடுபடாது. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றுத்தான் காரணம். போகும்போது அது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது. என்னுடைய அனுபவம் சிறியது. டுபாயிலிருந்து ரொறன்ரோ போகையில் இருக்கைத் திரையில் கிறீன்லாந்து தெரிந்ததும், வழி தவறிவிட்டது என்றே நினைத்தேன். ஊருக்கு வந்து பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தபோது, குறுகிய வழி வடக்கே வளைந்துதான் போயிற்று. இருபது வருடம் தட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்துப் படிப்பித்தவன் நான்.

ஏறாவூர் தம்பி:
நானும் ஒருமுறை நேரம் தவறவிட்டவன்தான், அது கிடக்கட்டும். கல்லடியான் அண்ணன் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கலாம். கொழும்பு–லண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர், அதை மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்தால் பதினொன்று கிட்டத்தட்ட வந்துவிடும். வீட்டிலிருந்து கட்டுநாயக்க வரையான வேன் பயணம், மூன்று மணித்தியாலம் முன்பே போய் நிற்பது, இறங்கிய பின் குடிவரவு வரிசை எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீரிழிவு மாத்திரையைக் கடிகாரம் பார்க்காமல் சாப்பாட்டோடு போடச் சொல்லலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கைக்கடிகாரத்தை நம் நாட்டு நேரத்திலேயே விடுவதும் நல்லது.

கல்லடியான்:
தம்பி, அம்மாவுக்கு நீரிழிவு இல்லை. திரும்பி வரும்போது அவர் என்னிடம் நேரமே கேட்கவில்லை. எத்தனை முறை சாப்பாடு தருவார்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டு முறை என்றேன். இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் செருப்பை மாட்டினாராம்.