ஹாஷ் மாறவில்லை, சிடைம் மட்டும் மாறுகிறது: வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் இரண்டு டெபியன் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். கோப்புகளில் யாரேனும் கைவைத்தால் தெரிய வேண்டும் என்பதற்காக நிறுவிய எய்ட் மென்பொருள், ஒரு வாரமாக ஈடிசி அடைவின் (கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்) எல்லாக் கோப்புகளும் மாறிவிட்டதாகத் தினமும் அறிக்கை அனுப்புகிறது. ஒரு கோப்பை எடுத்துப் பார்த்தால், ஷா256 ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம்) எம்டைமும் (உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம்) அனுமதிகளும் பழையபடியே இருக்க, சிடைம் (உள்ளடக்கமோ, அனுமதி, நேரம் போன்ற கோப்பு விவரங்களோ கடைசியாக மாறிய நேரம்) மட்டும் இரவு 2.10 மணியைக் காட்டுகிறது. அந்த நேரத்தில்தான், கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் டார் கட்டளையில் பேக்கப் ஓடுகிறது. அதில் ஏடைமை (கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம்) மாறாமல் காக்கும் தெரிவு இருப்பதால், கோப்பைப் படித்தபின் பழைய ஏடைமைத் திரும்ப எழுதும்போது சிடைம் புதுப்பிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன்.

எய்ட் விதியிலிருந்து சிடைமை நீக்கிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரியும் அண்ணன். எம்டைமை டச் கட்டளையால் எளிதில் பின்தேதியிட முடியும், சிடைமை அப்படி எளிதாக மாற்ற இயலாது என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, டிஸ்க்கை நோஏடைம் (படிக்கும்போது ஏடைமைப் பதியாத) முறையில் மவுண்ட் செய்து பயன்படுத்தியவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை, எய்ட் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய பதிவுகளின் தரவுத்தளத்தைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கிறேன்.