தட்டில் வளையம் வருகிறது, ஃபிளாஸ்க்கில் ஒன்றுமில்லை (ஸ்ட்ரெப்டோமைசிஸ்)

மண்கட்டி:
மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் (ஆன்டிபயாடிக் சுரக்கும், இழையாக வளரும் பாக்டீரியா). அகார் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிராக 18 மி.மீ. வளையம் (ஆன்டிபயாடிக் பட்டு அது வளராத வட்டம்). ஃபிளாஸ்க்கில் திரவத்தில் வளர்த்தால் 3 நாளில் வளர்ச்சி அமோகம், வளையம் பூஜ்யம். லிட்டருக்கு குளுக்கோஸ் 20 கி., ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கி., டைபொட்டாசியம் பாஸ்பேட் 2 கி. 250 மி.லி. ஃபிளாஸ்க்கில் 150 மி.லி., 30 டிகிரி, ஷேக்கர் வேகம் 150 ஆர்.பி.எம். முதலில் எதை மாற்றலாம்?

கலன்காவலர்:
மீடியத்தை (வளர்ப்புக் கரைசலை). சாப்பாடு தாராளமாக இருக்கும்வரை அது ஆன்டிபயாடிக் பக்கம் திரும்பாது. குளுக்கோஸ் பல ஸ்ட்ரெப்டோமைசிஸ்களில் உற்பத்தியை அடக்கும். பாஸ்பேட் அதற்கும் மேல். உங்கள் 2 கிராம் கிட்டத்தட்ட 11.5 மில்லிமோலார், அது அதிகம்.

லிட்டருக்கு ஸ்டார்ச் 20, கொழுப்பு நீக்கிய சோயா மாவு 10, உப்பு 2, கால்சியம் கார்பனேட் 3, பாஸ்பேட் 0.2 கிராம், பி.ஹெச். 7.2. பாஸ்பேட்டைக் குறைத்தால் பி.ஹெச்.சைப் பிடித்துவைக்க ஆளில்லை, கார்பனேட் அதற்குத்தான். ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். கட்டி தட்டினால் அதன் நடுவில் சூடு ஏறாது. அங்கே மாட்டிய பேசில்லஸ் (மண்ணில் இருக்கும் வேறொரு பாக்டீரியா) ஸ்போர், அதாவது அதன் தாக்குப்பிடிக்கும் வித்து, ஆட்டோகிளேவின் அழுத்த நீராவியிலும் தப்பிவிடும். சோயா இருப்பதால் 121 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். வளையம் வந்தாலும் கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி நுண்ணோக்கியில் இழையா, குச்சியா என்று) பார்த்துவிட்டே சந்தோஷப்படுங்கள், பேசில்லஸும் ஆன்டிபயாடிக் தரும்!

இழைமுடிச்சு:
காற்றை மறந்துவிட்டீர்களே. 150 மி.லி.யை 50 ஆக்கி, 200–220 ஆர்.பி.எம். வையுங்கள். பஞ்சடைப்பு நனைந்தால் மாற்றிவிடுங்கள். அடியில் உருண்டை சேர்கிறதா?

மண்கட்டி:
ஆமாம், மிளகு அளவுக்கு.

இழைமுடிச்சு:
அவ்வளவு பெரிதென்றால் உள்ளே ஆக்சிஜன் எட்டாது. ஸ்போர் குறைவாகப் போட்டாலும் இப்படித்தான் திரளும். மி.லி.க்கு 10 லட்சம் ஸ்போர் போட்டு, 3 மி.மீ. கண்ணாடி மணிகள் பத்துப் பதினைந்தோடு 48 மணி நேரம் சீட் (விதைக் கல்ச்சர்) வளர்த்து, அதில் 5% அளவை உற்பத்தி ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். ஆனால் உருண்டையாக இருந்தால்தான் நன்றாகச் சுரக்கும் ஸ்ட்ரெயினும் (உள்வகையும்) உண்டு. மணி போட்டது, போடாதது இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கலன்காவலர்:
3 நாளில் முடிவுகட்ட வேண்டாம். 2ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரை தினமும் 1 மி.லி. எடுங்கள். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சோதித்தால், இழைக்குள் தங்கிய ஆன்டிபயாடிக் தெரியாது. அடியில் படிந்த இழைகளைச் சம அளவு மெத்தனாலில் ஒரு மணி நேரம் ஆட்டி, வடிந்ததை ஆவியாக்கி, மிச்சத்தைக் கரைத்து சோதனைத் தட்டின் அகாரில் வெட்டிய இன்னொரு கிணற்றில் (குழியில்) இடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கல்ச்சர் சேர்க்காத மீடியத்துக்கும் ஒரு கிணறு வேண்டும். வளையம் 15லிருந்து 18 ஆனால் அற்பம் என்று தள்ளாதீர்கள்: விட்டம் செறிவின் லாகரிதத்தோடு நகர்வதால், அந்த 3 மி.மீ.க்குள் செறிவு இரட்டிப்பாகியும் இருக்கலாம்.