புதுப்பிப்பு: ஓட்டுப் போட்டாயிற்று, பயம் போகவில்லை

தென்னாப்பிரிக்கத் தேர்தல் நாளான 2024 மே 29 காலை, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஓட்டு வரிசையில் நின்றபடி, யாருக்குப் போடுவதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் இது.

போட்டுவிட்டேன். இந்த முறை மூன்று சீட்டுகள்: நாடாளுமன்றத்துக்கு இரண்டு, மாகாணச் சட்டமன்றத்துக்கு ஒன்று. மாகாணச் சீட்டில்தான் கை ரொம்ப நேரம் நின்றது. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலான 1994இல் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு தன் முதல் ஓட்டைப் போடப் போனது நினைவுக்கு வந்தது.

முடிவும் வந்துவிட்டது. நாட்டளவில், 1994 முதல் ஆண்டுவந்த ஏஎன்சிக்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 40 சதவீதம், 30 ஆண்டுகளில் முதன்முறையாகப் பெரும்பான்மை இல்லை. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்கே கட்சிக்குச் சட்டமன்றத்தின் 80 இடங்களில் 37. யாராலும் தனியாக ஆள முடியாது. அதில் எனக்கு வருத்தமில்லை, பேசித்தான் ஆளட்டும். ஆனால் பேச்சு முறிந்து ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த 2021 ஜூலைக் கலவரம் மாதிரி ஆகிவிடுமோ? டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இந்தியர்களும் கறுப்பின மக்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த அந்த வாரத்தின் காயம் இன்னும் ஆறவில்லை.

சரி, கூட்டணி முடிவானதும் எழுதுகிறேன்.